ஒரே இருப்புல முடிக்கிற மாதிரி சின்ன கேம் இருந்தா சொல்லுங்க (லேப்டாப்பும் சின்னது, டேட்டாவும் சின்னது)

மஸ்கெலியா_மழை:

எல்லாருக்கும் வணக்கம். நான் பொதுவா இங்க வாசிச்சிட்டு சத்தமில்லாம போற ஆள், இன்னைக்கு ஒரு விசயம் கேக்கணும். நமக்கு கடையில வேலை, காலையில தொறந்தா ராத்திரி எட்டு ஆகும் சாத்த, வீட்டுக்கு வந்து மேல கழுவி சாப்பிட்டு உக்காந்தா ஒன்பதரை, அதுக்கு பெறகு ஒரு ஒன்றரை மணித்தியாலம் தான் நமக்குன்னு மிச்சம், அதுலயும் மழை புடிச்சிக்கிட்டா கரண்ட் எப்ப போகும்னு சொல்ல ஏலாது.

இப்படி இருக்கப்ப பெரிய கேம் சரிவரவே மாட்டேங்குது. ஸ்கைரிம் போட்டேன், நல்ல கேம், குறை சொல்ல ஒன்னுமில்ல, ஆனா நாலு நாள் விட்டுட்டு திரும்ப தொறந்தா நான் எந்த குகைக்குள்ள எதுக்கு நிக்கிறேன்னே தெரியல, பைய தொறந்து பாத்தா உள்ள முழுக்க சீஸ் கட்டி. அத எதுக்கு பொறுக்கி வச்சேன்? திரும்ப எல்லாத்தையும் ஞாபகப்படுத்திக்கவே அரை மணித்தியாலம் போயிடும், கொஞ்சம் சூடு புடிக்கிறப்ப தூக்கம் வந்துடும்.

அதனால ஒரே இருப்புல, இல்லன்னா மிஞ்சி மிஞ்சிப்போனா ரெண்டு மூணு ராத்திரியில ஆரம்பிச்சு முடிச்சிடுற மாதிரி கேம் என்ன இருக்கு? லேப்டாப் ஐ3, ராம் 4 ஜிபி, கிராபிக்ஸ் கார்ட் கெடையாது. ரவுட்டர்ல நைட் டேட்டா தான், அதனால 50 ஜிபி 60 ஜிபி எல்லாம் பேச்சுக்கே எடுக்க வேணாம். இன்னொன்னு, கூட்டாளிங்க கிட்ட சொன்னா "ஒன்றரை மணித்தியாலத்துல முடியிறதெல்லாம் ஒரு கேமாடா, அத டெமோன்னு சொல்லு"ன்னு நக்கல் அடிக்கிறானுங்க. அதுக்கும் யாராச்சும் ஒரு பதில் குடுங்க.

நைட்மெயில்:

தம்பி, யோசிக்காம ஏ ஷார்ட் ஹைக் எடுங்க. 2019ல வந்தது, ஆடம் ராபின்சன்-யூன்னு கனடா ஆள் ஒருத்தர் கிட்டத்தட்ட தனியாளா செஞ்சது, அடுத்த வருசம் ஐ.ஜி.எஃப்னு சின்னதா தனியா கேம் செய்றவங்களுக்கு குடுக்குற விருதுல பெரிய பரிசே அதுக்கு தான் கெடச்சிச்சு. சைஸ் 400 எம்பி வாக்குல தான், உங்க லேப்டாப்புல தாராளமா ஓடும், படமே கட்டம் கட்டமா பழைய கேம் மாதிரி தான் இருக்கும்.

கதைய சொன்னா நீங்களே சிரிப்பீங்க. கிளேர்னு ஒரு பறவப் புள்ள, அவளுக்கு முக்கியமான கால் ஒன்னு வர இருக்கு, ஆனா அவ நிக்கிற எடத்துல சிக்னல் இல்ல, மலை உச்சிக்கு போனா தான் கெடைக்கும், அதனால மலை ஏறுறா. அவ்வளவு தான் கேமே! கொரோனா காலத்துல நம்ம புள்ளைங்க ஆன்லைன் கிளாசுக்கு கொடையும் போனுமா தண்ணி டாங்கி இருக்கிற மேட்டுக்கு ஏறினதுங்களே, அத பாத்த யாருக்கும் இந்த கதைய வெளக்க தேவையே இல்ல.

போற வழியில தங்க எறகு கெடைக்கும், எறகு கூட கூட கூடுதல் ஒசரம் ஏறலாம், பறக்கலாம். அவசரமே இல்ல, யாரும் உங்கள வெரட்ட மாட்டாங்க, சாகவும் மாட்டீங்க. நேரா உச்சிக்கு போனா ஒன்றரை மணித்தியாலத்துல முடியும், ஆனா நேரா போக மனசு வராது, ஒருத்தன் மீன் புடிக்க சொல்லித் தர்றான், கடற்கரையில ஒரு புள்ள பந்து வெளாட கூப்புடுது, இப்படியே நேரம் போயிடும். உச்சியில இருந்து கீழ சறுக்கி பறந்து வர்ற அந்த எறக்கம் இருக்கே, அதுக்காகவே நான் திரும்பவும் ஏறி இருக்கேன்.

போன்ல வெளாடுறதா இருந்தா ஃபுளோரன்ஸ். 2018ல வந்தது, மான்யுமென்ட் வேலிங்கிற கேம டிசைன் பண்ணின கென் வாங் தான் இதுக்கும் டிசைனர். நான் கொழும்புல இருந்து லீவுக்கு வர்றப்ப ரயில்ல தான் வெளாடினேன், ரம்புக்கனையில ஏத்தம் ஆரம்பிக்கிறப்ப தொறந்தேன், நாவலப்பிட்டி வர முந்தியே முடிஞ்சி போச்சு. முடிஞ்சப்பறம் பக்கத்து சீட் ஆள் என் மூஞ்சிய ஒரு மாதிரியா பாத்தாரு, அது வேற கதை.

கணக்கப்புள்ள:

எல்லாம் சரி, விலைய யாரும் சொல்ல மாட்டேங்குறீங்களே. ஏ ஷார்ட் ஹைக் 7.99 டாலர். டாலர் 300 ரூவான்னு வச்சா 2400 ரூவா கிட்ட. 2024ல தேயிலத் தோட்டத்துல ஒரு நாள் பேர் (ஒரு நாள் சம்பளம்) 1350 ரூவான்னு வந்திச்சு, அந்த கணக்குல பாத்தா ஒன்றரை மணித்தியால கேமுக்கு எங்கம்மா ரெண்டு நாள் மலைக்கு போய் கொழுந்து எடுக்கணும். நான் ஒன்னும் சின்ன கேம் கூடாதுன்னு சொல்லல. ஆனா அதே காசுக்கு சேல்ல ஸ்டார்டியூ வேலின்னு தோட்டம் போடுற கேம எடுத்தா மாசக்கணக்கா வெளாடலாம். மணித்தியாலத்துக்கு எவ்வளவு விழுதுன்னு பாக்காம காசு போடுறது காசு உள்ளவங்களுக்கு சரி, நமக்கு சரியா?

பண்டாரவளை_அக்கா:

கணக்கப்புள்ள தம்பி சொல்றத அப்படியே தள்ளிட ஏலாது, அந்த காசு கணக்கு நம்ம எல்லார் வீட்டுலயும் ஓடுற கணக்கு தான். ஆனா மணித்தியாலத்த வச்சு வில பாக்குறதுல ஒரு கோளாறு இருக்கு தம்பி. கேம் செய்றவங்களும் அதே கணக்க போட ஆரம்பிச்சிடுறாங்க, அப்பறம் கதை நாலு மணித்தியாலம், மிச்சம் முப்பது மணித்தியாலம் "பத்து ஓநாய் தோல் கொண்டா, இருவது மூலிகை கொண்டா"ன்னு அலைய விடுறது. 2022 ஜனவரியில டையிங் லைட் 2 கம்பனி எங்க கேம முழுசா முடிக்க 500 மணித்தியாலம் ஆகும்னு பெருமையா போட்டாங்க, சனம் சந்தோசப்படும்னு நெனச்சாங்க போல, பாதி பேர் "ஐயோ எங்களுக்கு வேலை வெட்டி இருக்கு"ன்னு திட்டினதுல, அது எல்லா பக்கவேலையும் சேத்து தான், கதை மட்டும்னா அவ்வளவு ஆகாதுன்னு வெளக்கம் குடுக்க வேண்டியதா போச்சு.

நான் இஸ்கூல்ல படிப்பிக்கிறேன், பேப்பர் திருத்தி முடிச்சு உக்காந்தா மஸ்கெலியா தம்பி சொன்ன அதே நெலம தான். எனக்கு பிடிச்சது வெண்பா. 2023ல வந்தது, டொரோண்டோவுல இருக்கிற விசை கேம்ஸ் செஞ்சது. 1988ல கனடாவுக்கு போன ஒரு தமிழ் குடும்பம், வெண்பாங்கிறது அந்த அம்மா பேர், அவங்க அம்மா எழுதிக் குடுத்த சமையல் புத்தகம் கறை புடிச்சு கிழிஞ்சு போய் இருக்கும், பாதி வரி வாசிக்க ஏலாது, மிச்சத்த நம்ம தான் யோசிச்சு சமைக்கணும். முடிக்க ஒன்னுல இருந்து ஒன்றரை மணித்தியாலம் தான்.

நான் வெளாடுறப்ப எங்கம்மா பின்னுக்கு நின்னு பாத்தாங்க. அவங்க வாழ்க்கையில கம்ப்யூட்டர் பக்கமே வந்ததில்ல. இட்லி தட்ட நான் அடுக்க அடுக்க "அப்படி வச்சா ஆவி எப்படிடி மேல வரும்"னு அதட்டுறாங்க, புட்டு வந்தப்ப என்ன தள்ளி விட்டுட்டு கதிரைய இழுத்து போட்டு பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. கடைசி வரைக்கும் எழும்பல. அந்த மகன் பெருசாகி போன எடுக்காம இருக்கிற கட்டம் வந்தப்ப, எங்க தம்பி கட்டார்ல இருக்கான், அம்மா ஒன்னும் பேசல, முந்தானைய இழுத்து மூக்க தொடச்சிக்கிட்டாங்க. முடிஞ்சதும் கேட்ட கேள்வி: "ஏன், இதுல தேங்கா ரொட்டி சுடுறது இல்லையா?" முப்பது மணித்தியால கேமா இருந்தா எங்கம்மா அந்த கதிரையில உக்காந்திருப்பாங்களா? தொடக்கத்தையும் முடிவையும் ஒரே ராத்திரியில பாத்தாங்க, அதனால தான் அடுத்த நாள் பக்கத்து காம்பிராவுல (பக்கத்து வீட்டுல) போய் முழு கதையையும் சொல்ல முடிஞ்சிச்சு.

ஃபுளோரன்ஸ் பத்தி நைட்மெயில் சொல்லாம விட்டத நான் சொல்றேன். அதுல ஃபுளோரன்ஸ்ங்கிற புள்ள ஒரு பையனோட மொத தடவ வெளிய போறப்ப பேசுறத்துக்கு ஒரு பேச்சு கட்டம் வரும், அத துண்டு துண்டா குடுப்பாங்க, நம்ம பொருத்தி முழுசாக்கினா தான் அவ பேசினதா அர்த்தம். மொதல்ல நெறைய துண்டு. பழக பழக துண்டு கொறஞ்சிக்கிட்டே வந்து கடைசியில எடுத்து வச்சாலே போதும்னு ஆயிடும். பெறகு சண்ட வர்றப்ப அதே துண்டுங்க கூர் கூரா மாறிடும். ஒரு வசனம் கெடையாது அந்த எடத்துல. இத இழுத்து பத்து மணித்தியாலம் ஆக்கி இருந்தா அந்த வித்தையே செத்திருக்கும்.

டிவிகேம்_காலத்து_ஆள்:

பொடியன்களா, சின்ன கேம் என்னமோ புதுசா வந்த மாதிரி பேசிக்கிட்டு இருக்கீங்க. நாங்க வெளாடினது எல்லாமே சின்ன கேம் தான். டிவி கேம்னு ஒன்னு இருந்திச்சே, மஞ்ச கேசட், மேல 9999 கேம்னு போட்டிருக்கும், உள்ள போனா அதே பத்து பதினஞ்சு தான் வேற வேற பேர்ல வரும். அதுல கொன்ட்ரா. எட்டு ஸ்டேஜ், சேவ் கெடையாது, விட்டா மொதல்ல இருந்து தான். ஒழுங்கா வெளாடத் தெரிஞ்சா முக்கா மணித்தியாலத்துக்குள்ள முடிக்கலாம். எங்க லயத்துல டிவி இருந்த வீடு ஒன்னே ஒன்னு, அவங்க அம்மா வேலை விட்டு வர முந்தி முடிக்கணும், அந்த அவசரத்துல வெளாடினோம் பாருங்க, என் கூட வெளாடினவன் இப்ப ரெண்டு புள்ளைக்கு அப்பன், கண்டா இன்னும் மூணாவது ஸ்டேஜ் அருவி பத்தி தான் பேசுவான், நான் மேல தாவிட்டா கீழ நிக்கிறவன் செத்துடுவான், ஸ்கிரீன் மேல போயிடும் இல்ல.

அந்த "டெமோ" நக்கலுக்கு பதில் கேட்டீங்களே தம்பி. போர்டல்னு சொல்லுங்க, வாய மூடிடுவானுங்க. 2007ல வால்வ் கம்பனி ஓரஞ்ச் பாக்ஸ்னு ஒரு கட்டுல மத்த கேமுங்களோட சேத்து விட்டாங்க. மூணு நாலு மணித்தியாலத்துல முடியும், 19 அறை, கையில ஒரு துப்பாக்கி, செவுத்துல ரெண்டு ஓட்ட போடும், ஒன்னுக்குள்ள போனா மத்ததுல வெளிய வரலாம். டிஜிபென்னு கேம் செய்ய படிப்பிக்கிற காலேஜ்ல படிச்ச பொடியன்கள் செஞ்ச ஒரு மாணவர் புரொஜெக்ட பாத்துட்டு வால்வ் அவங்கள வேலைக்கு எடுத்து செய்ய வச்சது இது. இன்னைக்கும் எல்லா காலத்துக்கும் சேத்து நல்ல கேம் எதுன்னு லிஸ்ட் போட்டா இது வராம இருக்காது. கணக்கப்புள்ளைக்கும் இது தான் மருந்து, விலை 9.99 டாலர், சேல் வந்தா ரெண்டு டாலருக்கும் கீழ எறங்கும். பழைய கேம், ஐ3ல ஓடும், சைஸ் தான் மத்ததுங்கள விட கொஞ்சம் கூட, நைட் டேட்டா போட்டு விட்டுட்டு படுங்க.

மஸ்கெலியா_மழை:

அக்கா நீங்க அம்மாவ பத்தி எழுதினத எங்க அக்காவுக்கு வாசிச்சு காட்டினேன், அவ இப்ப வெண்பா வேணும்னு நிக்கிறா. விலை 14.99ன்னு பாத்தேன். அதான் கொஞ்சம் இடிக்குது. காசே இல்லாம ஏதும் இருக்கா? அப்பறம் கார்ட் விசயம், என் டெபிட் கார்ட் ஸ்டீம்ல (கேம் விக்கிற ஆன்லைன் கடை) எடுக்குதில்ல.

நைட்மெயில்:

கார்ட் எடுக்காட்டி பேங்க்குக்கு போய், இல்லன்னா அவங்க ஆப்லயே, இன்டர்நெட் ட்ரான்சாக்சன் ஓபன் ஆகி இருக்கான்னு பாருங்க, நெறைய கார்ட்ல அது மூடித்தான் குடுக்குறாங்க. ஸ்டீம்ல நமக்கு டாலர்ல தான் காட்டும், ஆனா சில கேமுக்கு நம்ம பக்கத்து நாடுகளுக்குன்னு கொறச்ச விலை போட்டிருப்பாங்க, அதனால கூகுள்ல வர்ற அமெரிக்க விலைய பாத்து பயந்துடாம லாகின் பண்ணி பாருங்க. விஷ்லிஸ்ட்ல போட்டு வச்சா சேல் வர்றப்ப மெயில் வரும்.

காசில்லாம வேணும்னா செலெஸ்ட் கிளாசிக். செலெஸ்ட்னு பேர் போன கேம் ஒன்னு இருக்கே, அதுக்கு இது தான் ஒரிஜினல், 2015ல ரெண்டு பேர் நாலு நாள்ல செஞ்சது, பிரவுசர்லயே ஓடும், 30 ஸ்கிரீன், இதுவும் மலை ஏறுற கதை தான். ஆனா ஷார்ட் ஹைக் மாதிரி சுகமா இருக்காது, ஈவு இரக்கமே கெடையாது, முள்ளுல விழுந்து விழுந்து தான் மேல போகணும். அப்பறம் எபிக்னு இன்னொரு ஆன்லைன் கேம் கடையில வாரா வாரம் கேம் ஃப்ரீயா குடுக்குறாங்க, வியாழன் ராத்திரி மாறும், அக்கவுன்ட் ஒன்னு தொறந்து வச்சு எடுத்து போட்டுக்கிட்டே இருங்க, ஒரு நாளைக்கு ஆகும்.

கணக்கப்புள்ள:

விலைய பத்தி பேச்சு வந்ததால ஒரு வழி சொல்றேன், கோவிக்க வேணாம். ஸ்டீம்ல வாங்கி 14 நாளைக்குள்ள, ரெண்டு மணித்தியாலத்துக்கு கொறவா வெளாடி இருந்தா ரீஃபண்ட் கேக்கலாம். அப்ப ஒன்றரை மணித்தியால கேம்...? புரிஞ்சிருக்கும் உங்களுக்கு 😄

நைட்மெயில்:

புரிஞ்சிச்சு, அத மட்டும் செய்யாதீங்க. அந்த ரூல் கேம் ஓடாட்டி, எதிர்பாத்த மாதிரி இல்லாட்டி தப்பிக்கிறதுக்கு வச்சது, சாப்பிட்டு முடிச்சிட்டு காசு திருப்பி கேக்குறதுக்கு இல்ல. 2021ல எமிக்கா கேம்ஸ்னு ஒரு தனி ஆள், சம்மர் ஆஃப் 58ன்னு ஒன்றரை மணித்தியால பேய் கேம் ஒன்னு விட்டாரு. விமர்சனம் எல்லாம் நல்லாத்தான் எழுதினாங்க, ஆனா முடிச்சிட்டு ரீஃபண்ட் எடுத்தவங்க அவ்வளவு பேர், அதனால எனக்கு அடுத்த கேம் செய்ய காசில்ல, நான் இந்த தொழில விட்டு போறேன்னு எழுதிட்டாரு. பெரிய கம்பனிக்கு உங்க ரீஃபண்ட் கொசுக்கடி கூட இல்ல, தனியா செய்றவனுக்கு அது தான் அரிசி பருப்பு. உங்கம்மா பறிச்ச கொழுந்த நிறுத்து வாங்கிட்டு பேர் போடாம விட்டா எப்படி இருக்கும்?

கணக்கப்புள்ள:

அம்மாவ இழுத்துட்டீங்க, இனி நான் என்ன பேச. சரி, ரீஃபண்ட் கதைய வாபஸ் வாங்குறேன். ஆனா சேல் வராம நான் எதையும் வாங்க மாட்டேன், அதுல மாத்தம் இல்ல. இன்னொன்னும் சொல்லிடுறேன், எனக்கு உண்மையிலேயே பெரிய கேம் தான் புடிக்கும், ஸ்டார்டியூவுல காலையில எழும்பி பூசணிக்கு தண்ணி ஊத்துறதுல ஒரு நிம்மதி இருக்கு, முடிவே வராதுங்கிறது தான் அதுல எனக்கு புடிச்சதே. எல்லாருக்கும் ஒரே ருசி இல்லையே.

பண்டாரவளை_அக்கா:

அது நியாயம் தம்பி. முடிவில்லாதது ஒன்னு பக்கத்துல இருக்கட்டும், யார் வேணாம்னா.

மஸ்கெலியா தம்பிக்கு இன்னும் ஒன்னு, டு த மூன். 2011ல வந்தது, ஆர்.பி.ஜி மேக்கர்னு கேம் செய்ற சாஃப்ட்வேர்ல செஞ்சது, நூறு எம்பி வாக்குல தான், எந்த பழைய லேப்டாப்புலயும் ஓடும், நாலு மணித்தியாலம், அதனால மூணு ராத்திரி. சாகக் கெடக்குற ஒரு தாத்தாவுக்கு நெலாவுக்கு போகணும்னு ஆச, ஏன்னு அவருக்கே தெரியாது, ரெண்டு டாக்டருங்க அவரு ஞாபகத்துக்குள்ள பின்னோக்கி போய் காரணத்த தேடுறாங்க. இங்கிலீஷ் வாசிப்பு கூட, அது ஒன்னு தான் யோசிக்கணும். எடித் ஃபின்ச்னு ஒரு கேம எல்லாரும் சொல்வாங்க, ரெண்டு மூணு மணித்தியாலம் தான், அருமையானது, ஆனா தனி கிராபிக்ஸ் கார்ட் கேக்கும், உங்க மெசின்ல இப்ப வேணாம். லிம்போங்கிற கேம் ஓடும், ஆனா எட்டுக்கால் பூச்சி பயம் இருந்தா பகல்ல வெளாடுங்க.

மஸ்கெலியா_மழை:

கார்ட் சரி வந்திச்சு, ஆப்ல ஒரு பட்டன் தான் அமத்த இருந்திச்சு. ஷார்ட் ஹைக் எடுத்துட்டேன். நேத்து ராத்திரி ஆரம்பிச்சேன், மலையில பாதிக்கு மேல போயிட்டேன், கீழ மீன் புடிக்கிறதுல தான் பாதி நேரம் போச்சு. இப்ப சிக்கல் என்னன்னா, மேல பனி இருக்கிற எடத்துல எறகு ஒரு தடவ முடிஞ்சா திரும்ப நெறயுதே இல்ல, கீழ எல்லாம் தரையில நின்னா தானா நெறஞ்சிச்சே? செவுத்த புடிச்சு ஏறுறேன், பாதியில கை விட்டு விழுந்துடுது. கேம்ல ஏதும் பிழையா?

நைட்மெயில்:

பிழை இல்ல தம்பி, குளிரு. அங்க எறகு உறஞ்சிடும், அதான் திரும்ப வராது. பக்கத்துல சுடுதண்ணி ஊத்து ஒன்னு இருக்கு பாருங்க, ஆவி பறக்கும், அதுல எறங்கி நில்லுங்க, எல்லாம் இளகிடும், அங்க இருந்து ஒரே மூச்சுல ஏறுங்க. அப்படியும் எட்டாட்டி எறகு கொறவுன்னு அர்த்தம், கீழ வந்து இன்னும் ரெண்டு மூணு தேடிக்கிட்டு போங்க, காசுக்கும் விப்பாங்க.

மஸ்கெலியா_மழை:

ஊத்து கெடச்சிருச்சு அண்ணே. சார்ஜர சொருகிட்டு வாறேன், வெளிய இடி சத்தம் கேக்குது, கரண்ட் போக முந்தி உச்சிக்கு போயிடணும்.